கட்டைவிரல் இருக்கும் இடம்

என் தங்கைக்கு வேலை தரையில் இல்லை. கட்டடம் எழும்புகிற இடங்களில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்குமே கிரேன், அதன் உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுதான் அவளுடைய ஆபீஸ். ஆளுயரக் கம்பிக்கட்டுகளையும் பலகைக் கட்டுகளையும் தூக்கி, கீழே மனிதர்கள் எறும்பாகத் தெரியும் உயரத்திலிருந்து பூப்போல இறக்கி வைப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்கக் கூண்டில் பேச ஆளில்லாமல் அடக்கி வைத்ததையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவிழ்த்து விடுவாள். காது வலிக்கும். ஆனால் அவள் வராத நாளில் வீடு வீடாக இருக்காது.

என் மனைவி அதற்கு நேர் எதிர். கேட்டால்தான் பேசுவாள், அதையும் யோசித்துவிட்டுத்தான். ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் அவளுக்கு வேலை. ஸ்கேன் படங்களை வைத்துக் கணினிக்குள் மனிதத் தலைகளைக் கட்டுவாள். தோல், எலும்பு, அதற்குள் இருக்கும் நீர், மூளையின் மடிப்பு எல்லாம் சேர்த்து லட்சக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாக ஒரு தலை. வெளியிலிருந்து காந்தம் வைத்தால் உள்ளே எந்தத் துண்டில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று அதில் கணக்குப் போடுவாள்.

"அண்ணி, இன்னிக்கு எத்தனை பேர் தலையை உருட்டுனீங்க?" என்று குருவி கேட்பாள்.

"ரெண்டு," என்பாள் இவள், சிரிக்காமல்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். எங்கள் மூன்று பேரில் நான்தான் கொஞ்சம் சாதாரணமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை, பலகைக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தபோது குருவியின் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவள் அசையச் சொல்லவில்லை, அது அசைந்தது. பிறகு மணிக்கட்டு. இடது கையால் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டாள். பலகைக் கட்டு அந்தரத்தில் நின்றது. துடிப்பு முழங்கை வரை ஏறி, கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிப்போனது. யாரையும் கூப்பிடாமல் அத்தனை ஏணியும் தானே இறங்கி வந்திருக்கிறாள். அதைச் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி எங்களிடம் சொன்னாள்.

என் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"முதல்ல எந்த விரல்?"

"என்ன அண்ணி, உசிரு போய் உசிரு வந்திருக்கு, நீங்க விரல் கணக்குக் கேக்கறீங்க?"

"சொல்லு குருவி. முதல்ல எது?"

"கட்டைவிரல்தான்."

இவள் எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். "நாளைக்கு வேலைக்குப் போகாத. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

குருவிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் என் மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டதை நான் கவனித்தேன். விரலில் தொடங்கி மேலே ஏறுகிற துடிப்பு மூளையிலிருந்து வருகிறது என்பது அவளுக்கு எங்களைவிட முன்னாலேயே புரிந்திருந்தது.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மூளையின் இடது பக்கம், ஒரு திராட்சைப் பழ அளவுக்குக் கட்டி. அதைச் சுற்றி வீக்கம். அறுவை செய்யும் டாக்டர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அம்மாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மெதுவா வளர்ற ஜாதி மாதிரி தெரியுது. ஆனா வளரும். எடுக்கணும். எவ்வளவு எடுக்கலாம்கிறது கை எங்க இருக்குங்கறதைப் பொறுத்தது."

"கை இங்கதானே இருக்கு?" என்று குருவி கையைத் தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அந்தக் கையை ஆட்டி வைக்கிற இடம் மண்டைக்குள்ள இருக்கும்மா. அதைக் கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்கிற அறையில் பல் டாக்டர் நாற்காலி போல ஒரு நாற்காலி. அங்கே இருந்த டெக்னீஷியன், தொப்பையும் நிதானமும் உள்ள மனிதர். குருவியின் கட்டைவிரல் அடியில் இரண்டு பட்டைகளை ஒட்டினார்; விரல் துள்ளினால் பக்கத்துத் திரையில் ஒரு கோடு எழும்பும். பிறகு எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்தது போன்ற ஒரு காந்தச் சுருளை, காயில் என்கிறார்கள் அதை, அவள் தலைமேல் வைத்தார். 'டக்' என்று சத்தம். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் நகர்த்தி, இன்னொரு 'டக்'. கட்டைவிரல் துள்ளியது.

"ஐயோ! என்னைக் கேக்காமலே ஆடுது!" குருவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதீங்கம்மா. சிரிச்சா கோடு கெட்டுப்போகும்," என்றார் அவர்.

எந்த இடத்தில் வைத்தால் விரல் அதிகமாகத் துள்ளுகிறதோ, அந்த இடத்தைத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் குறித்தார்கள். புள்ளிக்கு நேர் கீழே கட்டி இருந்தது.

டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். "கையும் இங்க, கட்டியும் இங்க. இதுல நான் கை வைக்க முடியாது. ஒரு துணுக்கு மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறேன். மிச்சத்தை விட்டுடணும்."

"விட்டுட்டா?"

"வளரும். மருந்து, கதிர்வீச்சுன்னு பார்த்துக்கிட்டே போகணும்."

வீக்கம் குறைய மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் குருவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி வழி வரை அவள் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

என் மனைவிதான் பேசினாள். "அந்தச் சிவப்புப் புள்ளி காயிலோட இடம். கையோட இடம் இல்ல."

குருவி திரும்பினாள். "புரியற மாதிரி சொல்லுங்க அண்ணி."

"காந்தம் கொடுக்கிற கரன்ட் நேராக் கீழ இறங்காது. எலும்பு ஒரு மாதிரி விடும், தண்ணி வேற மாதிரி விடும், மூளை மடிப்பு அதைத் திருப்பி விடும். காயிலுக்கு நேர் கீழதான் ஜாஸ்தியா இருக்கும்னு சொல்ல முடியாது. அதுவும் உன் தலைக்குள்ள வீக்கம் இருக்கு."

"சரி, எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு வீட்டுச் சுவத்துல நிறைய ஒயர் போகுது. ஒரு பல்பு எரியுது. எந்த ஒயர் அந்த பல்புக்குப் போகுதுன்னு தெரியல. என்ன பண்ணுவ? ஒவ்வொரு ஒயர்லயும் கரன்ட்டைக் கூட்டிக் குறைச்சுப் பார்ப்ப. எந்த ஒயரோட சேர்ந்து பல்பும் கூடிக் குறையுதோ அதுதான். இங்க பல்பு உன் கட்டைவிரல். காயிலை நிறைய இடத்துல, நிறையச் சாய்வுல வச்சுப் பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் மூளையில எங்க எவ்வளவு கரன்ட் ஓடுச்சுன்னு நான் கணக்குப் போடுவேன். விரல் துள்ளினதோட எந்த இடம் ஒத்துப்போகுதோ, அதுதான் கை."

"இதை அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"யோசிச்சிட்டு இருந்தேன்," என்றாள் இவள். குருவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் இவள் டாக்டரிடம் போய்ச் சொன்னதை நானும் கேட்டேன். "இது என் நாத்தனார். அதனால நான் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. என் கூட வேலை செய்யறவர் ஒருத்தர் தனியா அதே கணக்கைப் போடுவார்."

"நம்பறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கறேன்," என்றார் டாக்டர். "கட்டி காத்திருக்கும். ஆனா ரொம்ப நாள் காத்திருக்காது. சீக்கிரம்."

அடுத்த வாரம் குருவி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். டெக்னீஷியன் காயிலை நகர்த்தி நகர்த்தி, சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டே இருந்தார். குருவி அவரிடம் கிரேன் கதைகளையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அவருடைய குடும்பக் கதையைக் கேட்க ஆரம்பித்தாள். சாயங்காலம் ஆனபோது அவர் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போவது வரை எங்களுக்குத் தெரிந்திருந்தது.

விடை வந்தது. கை கட்டிக்கு மேலே இல்லை. முன்பக்கம், ஒரு மடிப்பு தாண்டி இருந்தது. கூட வேலை செய்பவருக்கும் அதே விடைதான். நான் சந்தோஷத்தில் கடையில் ஒருவருக்கு வலக்கண் கண்ணாடியை இடக்கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் அவ்வளவு எளிதில் மசியவில்லை. "படம் அழகா இருக்கு. உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சோதிச்சுப் பார்க்கலாம்," என்றாள் என் மனைவி. "இதுவரை காயில் வைக்காத ஒரு இடமும் சாய்வும் சொல்றேன். அங்க வச்சா, சிவப்புப் புள்ளியில துள்ளினதைவிட அதிகமாத் துள்ளணும். துள்ளலைன்னா என் கணக்கு தப்பு."

எல்லாரும் கூடினோம். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டெக்னீஷியன் இவள் சொன்ன இடத்தில், சொன்ன சாய்வில் காயிலை வைத்தார்.

'டக்.' விரல் லேசாக, தூக்கத்தில் அசைவது போல, அசைந்தது.

மறுபடி 'டக்.' அதேதான். திரையில் கோடு எழும்பவே இல்லை.

என் மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கணக்கு தப்பு," என்றாள். அவள் எப்போதும் பேசுகிற அதே குரலில். டாக்டர் அவள் தோளைத் தொட்டுவிட்டு, "முயற்சி பண்ணீங்க," என்று சொல்லிக் கிளம்பினார்.

கீழே கேன்டீனில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இவள் முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். குருவி இரண்டு பன்னைத் தின்றுவிட்டு என் பன்னையும் இழுத்துக்கொண்டாள்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க அண்ணி. எனக்காக இவ்வளவு மெனக்கெட்டீங்களே, அதுவே போதும்."

"போதாது," என்றாள் இவள்.

"அண்ணா, இன்னொரு பன் வாங்கித் தா. இந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து பேய்ப் பசி. ஒரு நல்லது, தலைவலி போன இடம் தெரியல. மண்டையே லேசாயிடுச்சு."

இவள் தலை நிமிர்ந்தாள். "எப்ப லேசாச்சு?"

"மாத்திரை போட்டு ரெண்டு மூணு நாள்லயே. ஏன்?"

"ஸ்கேன் எடுத்தது மாத்திரைக்கு முன்னாடி." இவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நான் வச்சிருக்கிறது வீங்கின தலை. காயில் வச்சது வீக்கம் வடிஞ்ச தலை. குருவி, நான் இத்தனை நாளா உன் பழைய தலைக்குக் கணக்குப் போட்டுட்டு இருக்கேன்!"

மாத்திரைச் சீட்டு டாக்டரிடம் இருந்தது, படம் இவளிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வீக்கம் வடிந்தால், நெருக்கித் தள்ளப்பட்டிருந்த மடிப்புகள் திரும்பத் தங்கள் இடத்துக்கு நகரும். விரல் துள்ளிய அளவுகளில் தப்பில்லை, அதை வைத்துப் பார்த்த தலைதான் தப்பு.

என் மனைவி ஆஸ்பத்திரிப் படிகளில் ஓடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டரை வழியிலேயே மறித்துப் புதிய ஸ்கேன் கேட்டாள். அவர் அரைமனதோடு எழுதிக் கொடுத்தார்.

புதிய படத்திலிருந்து புதிய தலை கட்டுவதற்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் குருவி இவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் உட்கார்ந்து, தன் மூளை திரையில் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு மடிப்பா! இஸ்திரி போட்டா எவ்வளவு பெருசு வரும்?" என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். இவளும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

இந்த முறை விடை கொஞ்சம் மாறியிருந்தது. கை கட்டிக்கு மேலே இல்லை என்பது நின்றது. ஆனால் முதலில் வந்ததைவிடக் கட்டிக்கு நெருக்கமாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. "முன்னாடி வந்ததே நல்லா இருந்துச்சு," என்றேன் வீட்டில்.

"நல்லா இருந்துச்சு. உண்மையா இல்ல," என்றாள் இவள்.

மறுபடி அதே அறை. இவள் இம்முறை மூன்று இடம் சொன்னாள். ஒன்றில் நன்றாகத் துள்ளும், ஒன்றில் பாதி, ஒன்றில் அசையவே அசையாது. டெக்னீஷியனிடம் எது எதுவென்று சொல்லவில்லை. டாக்டரின் காதில் மட்டும் சொன்னாள்.

முதல் இடத்தில் ஒன்றுமில்லை. நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது இடத்தில் விரல் எழும்பியது. மூன்றாவது இடத்தில் காயிலை வைத்ததும் கட்டைவிரல் தெறித்தது, தெறித்த வேகத்தில் குருவியே, "அடேங்கப்பா!" என்றாள். கோடு சிவப்புப் புள்ளியில் எழும்பியதைவிட உயரமாக எழும்பி நின்றது. டெக்னீஷியன் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். அதேதான் வந்தது.

"மூணும் சொன்ன மாதிரியே," என்றார் டாக்டர். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குருவியின் முன்னால் உட்கார்ந்தார். "இப்ப நான் கேக்கறதை யோசிச்சுச் சொல்லும்மா. இந்தக் கணக்கை வச்சு நான் துணிஞ்சு உள்ள போகலாம். பெரும்பகுதி எடுத்துடலாம். உள்ள போனதும் நானே சின்னதா கரன்ட் விடற ஒரு முனையால மூளையைத் தொட்டு, விரல் ஆடுதான்னு பார்த்து உறுதிப்படுத்திக்கிட்டுதான் கத்தி வைப்பேன். ஆனாலும் கைக்கு ஆபத்து இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

குருவி என் மனைவியைப் பார்த்தாள். "அண்ணி, உங்க கையா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

இவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியல குருவி. என் கணக்கு எவ்வளவு தப்பலாம்னு மட்டும் தெரியும். அரை விரல் அகலம் தப்பலாம். கட்டிக்கும் கைக்கும் நடுவுல அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி இடம் இருக்கு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"இதைவிடக் குறுகலான சந்துலயெல்லாம் நான் இறக்கியிருக்கேன்," என்றாள் குருவி. அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "எடுத்துடுங்க டாக்டர்."

அறுவை அன்று நானும் இவளும் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "முதல் தடவை தப்பாப் போச்சே, அப்படியே விட்டிருந்தா?" என்றாள் ஒருமுறை. "விடலையே," என்றேன்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார். என்னிடம் வரவில்லை, நேராக இவளிடம் வந்தார். "நீங்க காட்டின இடத்துக்கு ஒரு பென்சில் முனை அளவு பக்கத்துல தொட்டேன். கட்டைவிரல் ஆடிச்சு. கட்டிமேல தொட்டேன். ஆடல." பிறகுதான் என்னைப் பார்த்தார். "கிட்டத்தட்ட எல்லாம் எடுத்தாச்சு. ஓரத்துல மெலிசா ஒரு படலம் விட்டிருக்கேன், அது கைக்கு ரொம்பக் கிட்ட. பேராசைப்படல."

என் மனைவி அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

ஆனால் கண் விழித்த குருவியின் வலது கை படுக்கையில் கிடந்தபடி கிடந்தது. "தூக்கு" என்றால் தோள் மட்டும் அசைந்தது. டாக்டர், "தொட்ட இடம் வீங்கியிருக்கு, பொறுங்க," என்றார். பொறுத்தோம். குருவி வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் எங்களை அதிகம் வதைத்தது. என் மனைவி தினமும் வேலை முடிந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே இருந்தாள். தலைகளைப் பற்றி, கூட வேலை செய்பவரின் குறட்டையைப் பற்றி, நான் கண்ணாடியை மாற்றி மாட்டியதைப் பற்றி. என்னிடம்கூட அவள் அவ்வளவு பேசியதில்லை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, இவள் பேச்சை நடுவில் நிறுத்தினாள்.

"இப்ப கிள்ளினியா?"

"பின்ன? எவ்வளவு நேரம் பேசுவீங்க அண்ணி? மனுஷி தூங்க வேண்டாமா?" என்றாள் குருவி.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முதலில் வந்தன. மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. பொத்தான் போட, பூட்டுத் திறக்க, எழுத என்று பயிற்சி கொடுத்தார்கள். கையெழுத்து மட்டும் முன்னைவிட மோசம். முன்னால் மட்டும் முத்தாகவா இருந்தது என்று நான் கேட்டதற்கு அந்தக் கையாலேயே ஒரு குட்டு வைத்தாள்.

கிரேன் ஏற அனுமதி கிடைக்கவில்லை. அன்று கூண்டில் கை துள்ளியது வலிப்புதான், வலிப்பு வந்தவர்களை மேலே ஏற்ற மாட்டார்கள். திரும்ப வருமா என்று நீண்ட நாள் பார்க்க வேண்டும், பார்த்த பிறகும் உறுதியில்லை. அதை அவளிடம் சொன்ன நாள் கஷ்டமான நாள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பெனிக்காரர்கள் கீழே ஒரு வேலை கொடுத்தார்கள். மேலே இருக்கிறவருக்குக் கைஜாடை காட்டி, இடம், வலம், இறக்கு, நிறுத்து என்று சுமையை வழிநடத்துவது. "மேல இருக்கிறவன் கண்ணே நான்தான்," என்று இப்போது பீற்றிக்கொள்கிறாள். மேலே இருக்கிற பையனுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். அவன் அவளைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறானோ.

பரிசோதனை ஸ்கேன்கள் இரண்டு முடிந்துவிட்டன. அந்த மெல்லிய படலம் அப்படியே இருக்கிறது, வளரவில்லை. "நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம்," என்கிறார் டாக்டர்.

போன மாதம் இரண்டாவது பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் என் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினார். புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், தட்டச்சு வேலை செய்கிறவர், கட்டி இவருக்கும் கைப்பக்கம்தான், கணக்குப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இவள் ஸ்கேனையும் மாத்திரைச் சீட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

அந்த மனிதர் வெளியே பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். குருவி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காந்தம் வைக்கும்போது வலிக்குமாம்மா?" என்று அவர் கேட்டார்.

"வலியெல்லாம் இல்ல சார். பக்கத்துல யாரோ சொடக்குப் போட்ட மாதிரி இருக்கும். விரல் தானா ஆடும், சிரிப்பு வரும். சிரிச்சா மட்டும் அந்த டெக்னீஷியன் திட்டுவார்," என்றாள். "அவர் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு சார், விசாரிங்க, சந்தோஷப்படுவார்."

அந்த மனிதரின் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், அவர் எழுந்து தொப்பியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.